உலோகம் மாறிய காசுகள்

திண்டிவனத்து அங்காடியில் காய்கறி விற்கும் மூதாட்டி ஒருத்தி மாலையில் அன்றைய வரவை எண்ணுகிறாள் எனக் கொள்வோம். வெண்ணிறமான ஒரு ரூபாய்க் காசுகளின் நடுவே ஒன்று மட்டும் செந்நிறமாய் இருக்கிறது. முத்திரை மாறவில்லை, எழுத்து மாறவில்லை, ஆண்டும் தெளிவாகவே தெரிகிறது. நிறம் ஒன்றே வேறு. அவள் அதனைக் கள்ளக்காசு என்று கருதி ஒதுக்கிவைப்பாள். அதே காசு விழுப்புரம் சந்திப்பில் வண்டிக்குக் காத்திருக்கும் மாணவன் ஒருவன் கையில் கிடைப்பின், அது பல இலட்சம் பெறும் என்று அவன் கனவு காண்பான். ஒருவர் அஞ்சுகிறார், ஒருவர் ஆசைப்படுகிறார். காசு யாது என்பதை இருவரும் ஆராயவில்லை.

அக்காசு மூவகையுள் ஒன்றாகலாம். அரசே உலோகத்தை மாற்றி வெளியிட்டதாக இருக்கலாம். வஞ்சகன் ஒருவன் முலாம் பூசியதாக இருக்கலாம். இவ்விரண்டும் அன்றி, நாணயச்சாலையில் வேறொரு காசுக்கென வெட்டிய உலோக வில்லை தவறி வந்து விழ, அதன்மேல் அச்சுப் பதிந்துவிட்டதாகவும் இருக்கலாம். மூன்றாம் வகை மிக அரிது. அதனாலேயே அதற்குப் பெருவிலை உண்டு. பெருவிலை உண்டாதலின் அதன் பெயரால் ஏமாற்றும் உண்டு. உண்மையான பிழையைப் பொய்ப் பிழையினின்றும் பிரித்தறிய வேண்டுமாயின், காசு எவ்வாறு பிறக்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

நாணயச்சாலைக்குத் தமிழில் அக்கசாலை என்பது பழம்பெயர். பாண்டியரின் துறைமுகமாகிய கொற்கையை அடுத்த பகுதி இன்றும் அப்பெயராலேயே வழங்குகிறது. உலோகங்களுக்கும் நம் முன்னோர் இட்ட பெயர்கள் அழகியவை. பொன் என்பதே உலோகம் அனைத்திற்கும் பொதுப்பெயராய் நிற்க, வெள்ளியை வெண்பொன் என்றும், இரும்பைக் கரும்பொன் என்றும் நிறத்தால் பிரித்துக் கூறினர். காசினைச் சோதித்து அதன் தரம் உரைப்போர் வண்ணக்கர் எனப்பட்டனர். சங்கப் புலவருள் ஒருவராகிய வடம வண்ணக்கன் தாமோதரனார் பெயரில் அத்தொழில் இன்றும் நிலைத்து நிற்கிறது. வண்ணத்தை வைத்தே காசினை அறிய முடியுமாயின் வண்ணக்கருக்கு உரைகல்லும் துலாக்கோலும் வேண்டியிரா. கண் முதலில் காண்பது வண்ணம். ஆனால் முடிவு கூறுவது எடையே.

விழுப்புரம், திண்டிவனம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த நாடு காசு வரலாற்றில் சிறப்புடையது. திண்டிவனத்தை அடுத்த கிடங்கில் ஓய்மானாட்டு நல்லியக்கோடன் ஊராகும். அவனைச் சிறுபாணாற்றுப்படையில் பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டினர். அவ்விடைக்கழிநாட்டுக் கடற்கரையில்தான் பிற்காலத்தில் ஆலம்பரைக் கோட்டை எழுந்தது. தெற்கே, முன்பு விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்து இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ள திருக்கோவலூரில், மலையமான் மரபினர் வெளியிட்ட செப்புக்காசுகள் பெண்ணையாற்று மணலிலிருந்து கிடைத்துள்ளன. அவற்றில் குதிரை உருவம் பொறிக்கப்பட்டிருக்கும். வள்ளல் காரியின் குதிரைக்கும் காரி என்றே பெயர் என்பது இலக்கியம் பயின்றோர் அறிந்தது.

ஆலம்பரையில் பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு நாணயச்சாலை இருந்தது. ஆர்க்காட்டு நவாபின் ஆட்சியில் இருந்த அக்கோட்டை பின்னர் டூப்ளே காலத்தில் பிரெஞ்சுக்காரர் கைக்கு மாறி, 1760 ஆம் ஆண்டில் ஆங்கிலேயரால் கைப்பற்றப்பட்டு இடிக்கப்பட்டது. இன்று உப்பங்கழிக்கரையில் இடிந்த செங்கற் சுவர்களே எஞ்சியுள்ளன. புதுச்சேரியிலோ, 1736 ஆம் ஆண்டில் ரூபாய் அடிக்கும் உரிமையைப் பிரெஞ்சுக்காரர் பெற்றனர். அவர்கள் அடித்த வெள்ளி ரூபாயில் அவர்கள் மன்னன் பெயர் இராது. முகலாயப் பேரரசர் பெயரும் ஆர்க்காடு என்னும் ஊர்ப்பெயரும் இருக்கும். ஓரமாக ஒரு பிறைக்குறி மட்டும் அது புதுச்சேரிக் காசு என்பதைக் காட்டும். புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப்பிள்ளை எழுதிவைத்த நாட்குறிப்பைப் புரட்டினால், வராகனும் ரூபாயும் அவற்றின் மாற்றும் வட்டமும் அக்காலத்து வணிகரை எவ்வளவு அலைக்கழித்தன என்பது விளங்கும்.

இச்சாலைகளில் காசு அடித்த முறை எளியது. உலோகத்தை உருக்கிச் சிறு துண்டுகளாக்குவர். ஒவ்வொரு துண்டையும் நிறுத்து, மிகுந்தால் செதுக்கிக் குறைப்பர். உளி போன்ற இரு அச்சுகளுக்கிடையே அதனை வைத்துச் சம்மட்டியால் ஓங்கி அடிப்பர். ஒவ்வொரு துண்டும் ஒருவன் விரலில் பட்டே அச்சின்மேல் ஏறும். ஆகவே வெள்ளிக்குப் பதிலாகச் செம்பு ஏறிவிடுதல் எளிதன்று. செப்புத் துண்டின்மேல் வெள்ளி அச்சு விழுந்திருந்தால், அங்கே தவறு நிகழ்ந்தது என்பதைவிடக் களவு நிகழ்ந்தது என்று ஐயுறுவதே பொருந்தும். இதற்கு ஒரு விலக்கு உண்டு. முதலாம் இராசராசன் காசுகளில், நின்ற உருவம் ஒருபுறமும் அமர்ந்த உருவம் மறுபுறமும் உடைய ஒரே வகைக் காசு பொன்னிலும் வெள்ளியிலும் செம்பிலும் கிடைத்துள்ளது. அது பிழையும் அன்று, களவும் அன்று. அரசன் ஆணையே அது.

இயந்திரம் வந்தபின் நிலைமை மாறிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை நாணயச்சாலையில் இயந்திரங்கள் அமைக்கப்பட்டன. அச்சாலை 1869 ஆம் ஆண்டில் மூடப்பட்டது. தங்கசாலைத் தெரு என்னும் பெயர் மட்டும் நகரில் எஞ்சிற்று. இன்று இந்திய அரசின் காசுகள் மும்பை, கொல்கத்தா, ஐதராபாத்து, நொய்டா ஆகிய நான்கு இடங்களில் அடிக்கப்படுகின்றன. சேலம் உருக்காலையில் நாணய வில்லைகளை வெட்டித்தரும் பிரிவு ஒன்றும் உண்டு.

இயந்திரச் சாலையில் காசு பிறக்கும் முறையைச் சற்று நின்று காண்போம். உருக்கி வார்த்த உலோகப் பாளத்தை உருளைகளுக்கிடையே பலமுறை செலுத்தி, காசின் கனத்திற்கு ஏற்ற தகடாக்குவர். தகட்டிலிருந்து வட்ட வட்டமாக வெட்டி எடுப்பர். வீட்டில் முறுக்கு மாவை அப்பளமாக இட்டு, கிண்ண விளிம்பால் வட்டங்கள் வெட்டி எடுப்பதை இதற்கு ஒப்பிடலாம். இவ்வட்டங்களே வில்லைகள். வெட்டியதால் இறுகிய வில்லைகளை உலையில் காய்ச்சி மென்மையாக்குவர், கழுவி உலர்த்துவர், மற்றோர் இயந்திரத்தில் உருட்டி விளிம்பைச் சற்றே உயர்த்துவர். பின்னர்ச் சல்லடையில் இட்டு அளவு சோதிப்பர். அளவிற் சிறியவை கீழே விழுந்துவிடும். இவ்வளவும் முடிந்த வில்லைகளைப் பெரிய தொட்டிகளில் நிரப்பி, அச்சடிக்கும் பொறிக்கு எடுத்துச் செல்வர்.

பொறியின் தலையில் உள்ள கலத்தில் வில்லைகளைக் கொட்டுவர். அவை ஒரு குழாய் வழியே ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும். கீழே ஒரு வளையம் உண்டு. அதன் உள்ளளவே காசின் அளவு. வளையத்துள் வில்லை அமர்ந்ததும், கீழும் மேலும் உள்ள அச்சுகள் நெருங்கி நசுக்கும். நசுங்கிய உலோகம் பக்கத்தில் பிதுங்காதவாறு வளையம் தடுத்து நிற்கும். கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு காசு வெளியே விழும். அடுத்த வில்லை வந்து அமரும். இங்கே மனிதன் விரல் எந்த வில்லையையும் தொடுவதில்லை. அச்சுக்குக் கண் இல்லை. வெள்ளியாயினும் வெண்கலமாயினும் எஃகாயினும், வளையத்துள் வந்து அமர்ந்ததன்மேல் அது தன் முத்திரையைப் பதித்துவிடும்.

பிழை புகும் வாயில் பெரும்பாலும் தொட்டியே ஆகும். நேற்று வெண்கல வில்லைகளைச் சுமந்த தொட்டியில் இன்று எஃகு வில்லைகளை நிரப்புகிறார்கள். கவிழ்த்துக் கொட்டியபோது மூலையிலோ கதவின் இடுக்கிலோ சிக்கிக்கொண்ட இரண்டொரு வெண்கல வில்லைகள், எஃகு வில்லைகளின் அதிர்ச்சியில் விடுபட்டு அவற்றோடு கலந்துவிடுகின்றன. நம் வீட்டு மரக்காலின் பொருத்தில் சிக்கிய நெல் பயறு அளக்கும்போது உதிர்வதில்லையா? அதனைப் போன்றது இது.

இதற்கு உலகம் அறிந்த எடுத்துக்காட்டு, இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க நாட்டில் நிகழ்ந்தது. அதற்கு முன் அப்போர் நம் நாட்டுக் காசுகளை என்ன செய்தது என்பதையும் காண்டல் தகும். 1835 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ரூபாய் ஒன்றின் எடை 180 கிரெயின்; அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1940 ஆம் ஆண்டில் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. 1942 ஆம் ஆண்டில் அரையணா, ஓரணா, இரண்டணாக் காசுகளில் நிக்கல் குறைந்து, அவை பித்தளை நிறம் பெற்றன. 1943 ஆம் ஆண்டில் காலணாவின் நடுவே பெருந்துளை இட்டுச் செம்பை மிச்சப்படுத்தினர். மக்கள் அதனை ஓட்டைக் காலணா என்றனர். பழைய காலணாவின் எடை ஏறக்குறைய 4.86 கிராம்; ஓட்டைக் காலணாவோ இரண்டு கிராம் அளவே. போருக்குப் பின் 1946 ஆம் ஆண்டில் அணாக் காசுகள் மீண்டும் வெண்மை பெற்றன. எனவே ஒருவரிடம் மஞ்சள் நிற ஓரணாவும் வெள்ளை நிற ஓரணாவும் இருப்பின் அவற்றுள் எதுவும் பிழைக்காசு அன்று. ஆண்டைப் படித்தாலே உண்மை விளங்கும்.

அமெரிக்காவிலும் செம்புக்குத் தட்டுப்பாடு. தோட்டா உறைகளுக்கும் பீரங்கிக் குண்டுகளுக்கும் செம்பு வேண்டியிருந்தது. ஆகவே 1943 ஆம் ஆண்டில் ஒரு சென்ட் காசினை வெண்கலத்தில் அடிப்பதை நிறுத்தி, துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தனர். அவ்வாண்டில் மூன்று நாணயச்சாலைகளிலும் அடித்த எஃகுக் காசுகள் 109 கோடிக்கு மேற்பட்டன. மக்களுக்கு அவை பிடிக்கவில்லை. வெண்ணிறமாய் இருந்தமையால் பத்துச் சென்ட் என்று எண்ணி மயங்கினர். நாளடைவில் துருவும் ஏறிற்று. அடுத்த ஆண்டே எஃகைக் கைவிட்டு, வெற்றுத் தோட்டா உறைகளையும் பயன்படுத்திச் செப்புக் கலவைக்குத் திரும்பினர்.

அந்த 109 கோடியின் நடுவே, முந்திய ஆண்டின் வெண்கல வில்லைகள் சில புகுந்துவிட்டன. இரு வில்லைகளுக்கும் அளவு ஒன்றே; குறுக்களவு 19 மில்லிமீட்டர். ஆகவே சல்லடை அவற்றைப் பிரிக்கவில்லை, வளையமும் தடுக்கவில்லை. இன்று அறியப்பட்டுள்ள அத்தகைய காசுகள் ஏறக்குறைய இருபதே. ஐந்து கோடிக்கு ஒன்று என்ற கணக்கு.

1947 ஆம் ஆண்டில், மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பிட்ஸ்பீல்டு என்னும் ஊரில் பதினாறு வயது மாணவன் ஒருவன், பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் திரும்பப் பெற்ற சில்லறையில் 1943 என்று ஆண்டு பொறித்த செந்நிறக் காசு ஒன்றைக் கண்டான். அதனைச் செலவழிக்காமல் பத்திரப்படுத்தினான். அத்தகைய காசைக் கொடுப்பவருக்கு மோட்டார் உற்பத்தியாளர் என்றி போர்டு புதிய கார் ஒன்றைத் தருவார் என்று அந்நாளில் ஒரு வதந்தி உலவிற்று. மாணவன் விசாரித்தான்; வதந்தி பொய் என்று தெரிந்தது. அரசின் கருவூலத்திற்கும் எழுதிக் கேட்டான். 1943 ஆம் ஆண்டில் செப்புச் சென்ட் அடிக்கப்படவே இல்லை என்று மறுமொழி வந்தது. அரசு கூறியது ஆணையின்படி மெய். அவன் கையில் இருந்தது பொருளின்படி மெய். ஆணைப்புத்தகம் பிழையை அறியாது. அவன் வாதாடவும் இல்லை, காசைத் தூக்கி எறியவும் இல்லை. எழுபது ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்தான். 2018 ஆம் ஆண்டில் அவர் முதுமையுற்று இறந்தபின், 2019 சனவரியில் அக்காசு ஏலத்தில் 2,04,000 டாலருக்கு விலைபோயிற்று. அத்தொகை அவ்வூர்ப் பொது நூலகத்திற்குச் சென்றது.

1944 ஆம் ஆண்டில் இதற்கு நேர்மாறான பிழை நிகழ்ந்தது. வெண்கலத்திற்குத் திரும்பியபின், மிஞ்சிய எஃகு வில்லைகளில் சில வெண்கல வில்லைகளோடு கலந்து எஃகுச் சென்டுகளாயின. செருமானியர் பிடியிலிருந்து மீண்ட பெல்சியம் நாட்டிற்காக அதே பிலடெல்பியா சாலையில் அவ்வாண்டில் இரண்டு பிராங்குக் காசுகளை அடித்தபோது, மிஞ்சிய எஃகு வில்லைகளையே பயன்படுத்தினர். ஒரே கூரையின்கீழ் இரு நாட்டுக் காசுகள் பிறந்தால் தொட்டிகள் மாறுவதற்கு வாய்ப்பு மிகுதி.

எல்லாம் தவறுதலாகவே நிகழ்ந்தன என்று கூறிவிடவும் இயலாது. டென்வர் நாணயச்சாலையின் 1943 ஆம் ஆண்டுச் செப்புச் சென்ட் ஒன்றே ஒன்றுதான் அறியப்பட்டுள்ளது. அது 2010 ஆம் ஆண்டில் 17 இலட்சம் டாலருக்கு விலைபோயிற்று. சாலையின் ஊழியர் ஒருவர் வேண்டுமென்றே அடித்தது அது என்று ஆராய்வோர் பலர் கருதுகின்றனர். நேர்மையாய் நிகழ்ந்த பிழையைவிடக் குறும்பாய்ச் செய்த பிழை எட்டு மடங்கு விலை பெற்றது சந்தையின் விந்தை.

இனி, பிழைக்காசினை அறியும் வழிக்கு வருவோம். பிழை என்பது ஒழுங்கு அற்றது என்றே நாம் நினைக்கிறோம். நாணயச்சாலைப் பிழை அத்தகையது அன்று. அதற்கும் கடக்கவியலாத எல்லைகள் உண்டு. சாலையில் இல்லாத உலோகம் அங்கே தவறி விழ முடியாது. வளையத்தை விடப் பெரிய வில்லை அதனுள் அமர முடியாது. ஆகவே மாறிவந்த வில்லை, அச்சின் அளவோடு ஒத்ததாகவோ அதனினும் சிறியதாகவோதான் இருக்கும். சிறியதாயின் அது வளையத்தின் சுவரைத் தொடாது. ஓரத்து எழுத்துகள் சில அதன்மேல் பதியாமல் போகும். அதன் எடையோ, எந்தக் காசுக்கென அவ்வில்லை வெட்டப்பட்டதோ அந்தக் காசின் எடையாகவே இருக்கும். அச்சு முத்திரையை மாற்றும், எடையை மாற்றாது.

1943 ஆம் ஆண்டுச் சென்டுகளில் இது தெளிவாக விளங்குகிறது. எஃகுச் சென்ட்டின் எடை ஏறக்குறைய 2.7 கிராம், வெண்கலச் சென்ட்டின் எடை 3.11 கிராம். செந்நிறக் காசு 2.7 கிராம் நின்றால், அது செப்பு முலாம் பூசிய எஃகே ஆகும். காந்தத்தை அருகில் கொண்டுசென்றால் அது ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். முலாம் காந்தத்தை மறைக்காது. வேறு சில பொய்க்காசுகள் காந்தத்திற்கு அசையமாட்டா. எடையும் சரியாகவே நிற்கும். அவை 1948 ஆம் ஆண்டின் உண்மையான வெண்கலச் சென்டுகள்; எட்டின் இடப்பக்கத்தை அராவி மூன்றாக்கியிருப்பர். அவற்றை அறிய உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும். மெய்யான காசுக்கு மற்றோர் அடையாளமும் உண்டு. எஃகு கடினமானது; ஆதலின் அவ்வாண்டு அச்சுப்பொறிகள் மிக்க அழுத்தத்துடன் அடிக்குமாறு அமைக்கப்பட்டிருந்தன. அந்த அழுத்தத்தில் மென்மையான வெண்கல வில்லை சிக்கியபோது, முத்திரை அதில் வழக்கத்தைவிட ஆழமாகவும் கூர்மையாகவும் பதிந்தது.

காந்தத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. காந்தம் இழுப்பதெல்லாம் இரும்பு என்று முடிவுகட்டலாகாது. 1947 ஆம் ஆண்டில் வெளிவந்த புலி உருவம் பொறித்த நம் ரூபாய் தூய நிக்கலால் ஆனது. அதனையும் காந்தம் இழுக்கும். ஆனால் நிக்கலைச் செம்போடு கலந்து செய்த காசினைக் காந்தம் இழுக்காது.

சுதந்திர இந்தியாவின் காசுகளில் உலோகம் மாறிய வரலாறு மிக நீண்டது. 1957 ஏப்ரல் முதல் நாள் தசமமுறை நடைமுறைக்கு வந்தது. அப்போது வெளிவந்த ஒரு புதிய பைசா வெண்கலத்தால் ஆனது. 1962 ஆம் ஆண்டில் அது நிக்கல் கலந்த பித்தளைக்கு மாறிற்று. அவ்வோராண்டில் இருவகை உலோகத்திலும் காசு உண்டு. 1965 ஆம் ஆண்டில் அலுமினியம் வந்தது. பத்துப் பைசாவோ நான்கு உலோகம் கண்டது: முதலில் செம்பும் நிக்கலும், 1968 இல் பித்தளை, 1971 இல் அலுமினியம், 1988 இல் துருப்பிடிக்காத எஃகு. உலோகத்தின் விலை காசின் மதிப்பை எட்டும்போதெல்லாம் அரசு மலிவான உலோகத்தை நாடுவது இயல்பு. இல்லையேல் மக்கள் காசை உருக்கி விற்றுவிடுவர். ஐந்து ரூபாய்க் காசு 1992 முதல் செம்பும் நிக்கலும் கலந்து வெளிவந்தது. 2007 ஆம் ஆண்டில் எஃகாயிற்று. 2009 முதல் மஞ்சள் நிறப் பித்தளையாயிற்று. ஆகவே ஒரு பணப்பையில் வெள்ளை ஐந்தும் மஞ்சள் ஐந்தும் சேர்ந்திருத்தலில் வியப்பு இல்லை.

இவ்வரலாறு அறியாதார் பலர் உளர் என்பதை ஏமாற்றுவோர் நன்கு அறிவர். பழங்காசுக்குப் பல இலட்சம் தருவதாகக் கூறி ஆசை காட்டுவர். பின்னர்ப் பதிவுக் கட்டணம் என்றும் வரி என்றும் முன்பணம் பறிப்பர். ரிசர்வ் வங்கியின் பெயரையும் இவர்கள் பயன்படுத்தியதனால், 2021 ஆகஸ்டில் அவ்வங்கி எச்சரிக்கை ஒன்று வெளியிட்டது. பழங்காசு வாங்கி விற்கும் செயலில் தான் ஈடுபடுவதில்லை என்றும், அதற்காக எவரிடமும் கட்டணமோ தரகோ கேட்பதில்லை என்றும் அது தெளிவாக்கிற்று. மற்றொரு சாரார், அரும்பொருள் திரட்டுவோரை நாடிச் சென்று, செம்பு பூசிய நிக்கல் காசையும் வெள்ளி பூசிய பித்தளைக் காசையும் நாணயச்சாலைப் பிழை என்று விற்பர். காசைத் தொலைத்தவர் வெட்கத்தால் வெளியே சொல்வதும் இல்லை. நாணயம் என்னும் ஒரு சொல்லையே காசுக்கும் நேர்மைக்கும் வழங்கும் மொழியில் இவ்வாறு நிகழ்வது வருந்தத்தக்கது.

இவர்கள் கூற்றைச் சோதிக்கப் பெருங்கருவி எதுவும் தேவை இல்லை. பொன் நிறுக்கும் தராசு விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நகைக்கடைதோறும் உண்டு. 1960 ஆம் ஆண்டு பொறித்த இருபத்தைந்து புதிய பைசா ஒன்று செந்நிறத்தில் வருகிறது எனக் கொள்வோம். முறைப்படி அது 19 மில்லிமீட்டர் குறுக்களவும் 2.5 கிராம் எடையும் உடைய நிக்கல் காசு. அக்காலத்து ஒரு புதிய பைசாவின் வெண்கல வில்லை 16 மில்லிமீட்டர், 1.5 கிராம். சிறிய வெண்கல வில்லை பெரிய வளையத்துள் விழ முடியும். பெரிய நிக்கல் வில்லை சிறிய வளையத்துள் விழ முடியாது. ஆகவே நிக்கலில் அடித்த ஒரு புதிய பைசா என்று எவரேனும் 19 மில்லிமீட்டர்க் காசினைக் காட்டினால், அதனைக் கையிலும் வாங்க வேண்டுவதில்லை. வெண்கலத்தில் அடித்த இருபத்தைந்து பைசா என்று கூறினால் வாங்கிப் பார்க்கலாம்.

முதலில் ஓரத்தைப் பார்க்க வேண்டும். எழுத்துகள் முழுமையாகவும் விளிம்பு நிறைவாகவும் இருப்பின் ஐயுற வேண்டும். சிறு வில்லை அவ்வளவு முத்திரையையும் தாங்கியிராது. பின்னர்க் காந்தத்தைக் காட்ட வேண்டும். ஒட்டினால் அது முலாம் பூசிய நிக்கல். இரண்டிலும் தேறினால் தராசில் இட வேண்டும். பல கை மாறித் தேய்ந்த காசின் எடை சிறிது குறையலாம். மிகுதற்கு வழியே இல்லை. முள் 1.5 கிராமிலோ அதற்குச் சற்றுக் கீழேயோ நின்றால், அக்காசினைப் பஞ்சில் பொதிந்து அறிஞரிடம் காட்டுதல் தகும். 2.5 கிராமில் நின்றால் அது சாயம் ஏறிய சாதாரணக் காசு. இரண்டிற்கும் நடுவே 1.8 கிராம் என்று நின்றால், அக்காலத்து இந்திய நாணயச்சாலை எதிலும் அது பிறந்ததன்று. ஏதோ ஒரு பட்டறையில் பிறந்தது.